செர்ரித் தக்காளி வீட்டு வளர்ப்பு

செர்ரித் தக்காளி என்பது கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த தக்காளிச் செடியின் சிறுகாய் வகையாகும். இதன் பழங்கள் பெரும்பாலும் 10 முதல் 25 கிராம் வரை எடை உடையவை. கொத்துக் கொத்தாகக் காய்ப்பவை. சமையல் தக்காளியைவிட இனிப்பு மிகுந்தவை. சேலாப்பழம் எனத் தமிழில் வழங்கும் செர்ரிப் பழத்தை உருவத்தில் ஒத்திருப்பதால் இப்பெயர் பெற்றது. சிறுதக்காளி, குட்டித் தக்காளி என்றும் அழைக்கப்படுகிறது.

இக்கட்டுரை, தோட்டக்கலைக்குப் புதியவர் ஒருவர் இச்செடியைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ வளர்க்கும் முறையை விளக்குகிறது. தட்பவெப்பம் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் அண்டை மாவட்டங்களான திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சிவகங்கை ஆகியவற்றின் சமவெளிப் பகுதிகளுக்கும் இது பொருந்தும்.

பெயரும் தோற்றமும்

தக்காளியின் காட்டு உறவினங்கள் தென் அமெரிக்காவின் பெரு, எக்குவடோர் நாடுகளைச் சார்ந்தவை. அங்கிருந்து வடக்கே மெக்சிக்கோவை அடைந்து பயிராகப் பண்படுத்தப்பட்ட தக்காளி, 16ஆம் நூற்றாண்டில் எசுப்பானியரால் ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. போர்த்துக்கேயர் வழியாக அது இந்தியாவை வந்தடைந்தது என்பது பொதுவான கருத்து. 1753இல் கரோலசு லின்னேயசு இதற்குச் சோலானம் லைக்கோபெர்சிக்கம் எனப் பெயரிட்டார். செர்ரித் தக்காளி இவ்வினத்தின் செராசிபார்மே என்னும் வகையாகும். இன்று விற்கப்படும் செர்ரித் தக்காளிகள் பல, இவ்வகையையும் பெரிய தக்காளிகளையும் கலந்து உருவாக்கப்பட்ட கலப்பினங்களே.

தமிழில் தக்காளி என்ற சொல் இச்செடி வருவதற்கு முன்பே வழக்கில் இருந்தது. மணத்தக்காளி, தொடுதக்காளி ஆகிய சிறுபழச் செடிகளை அது குறித்தது. புதிதாக வந்த செடி சீமைத்தக்காளி எனப்பட்டது. காலப்போக்கில் சீமை உதிர்ந்து, தக்காளி என்றாலே வந்த செடிதான் என்றாயிற்று. எனவே கொத்தாகக் காய்க்கும் கோலிக்குண்டு அளவுப் பழம் தமிழருக்கு முற்றிலும் புதியதன்று. குப்பைமேடுகளிலும் கழிவுநீர் ஓடும் வாய்க்கால் ஓரங்களிலும் தானாக முளைத்துச் சிறு பழங்களைத் தரும் தக்காளிச் செடிகளைப் பலரும் கண்டிருப்பர். வெப்பமண்டல நாடுகள் பலவற்றிலும் சிறுகாய்த் தக்காளி இவ்வாறு களைச்செடி போலப் பரவியுள்ளது. யாரும் நீர் ஊற்றாமல் இவை காய்ப்பதைப் பார்க்கும்போது, சாடியில் வைத்துப் பேணப்படும் செடி ஏன் காய்ப்பதில்லை என்ற கேள்வி இயல்பாகவே எழும். விடை பெரும்பாலும் பருவத்தில் உள்ளது.

பருவம்

விதை உறைகளின் பின்புறத்திலும், வெளிநாட்டுத் தோட்டக்கலை நூல்களிலும் காணப்படும் அறிவுரை ஏறத்தாழ ஒரே வகையானது: பனிக்காலம் முடிந்ததும் விதைக்கவும், நாள் முழுவதும் வெயில் படும் இடத்தில் வைக்கவும். இது குளிர்நாடுகளுக்கு எழுதப்பட்டது. இதனைப் பின்பற்றிப் புதுக்கோட்டையில் மாசியில் விதைப்பவருக்குப் பங்குனி, சித்திரையில் செடி செழித்து வளரும், பூவும் பூக்கும், ஆனால் பூக்கள் காம்போடு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். உரம் போதவில்லை என எண்ணி மேலும் உரமிட்டால் இலை மட்டுமே பெருகும்.

தக்காளியில் காய் பிடிப்பதைப் பகல் வெப்பத்தைப் போலவே, சில வேளைகளில் அதனினும் மிகுதியாக, இரவு வெப்பம் தீர்மானிக்கிறது. இரவு வெப்பநிலை 15 முதல் 20 பாகை செல்சியசு வரை இருப்பது காய் பிடிக்க உகந்தது. இரவு 21 பாகைக்கும் பகல் 32 பாகைக்கும் மேலே செல்லச் செல்ல மகரந்தத்தின் உயிர்ப்பு குறைகிறது. பகலில் 35 பாகையைத் தாண்டும் வெப்பம் நாள்தோறும் நீடித்தால் பெரிய காய் வகைகள் அனேகமாகக் காய்ப்பதை நிறுத்திவிடும். சிறுகாய் வகைகள் இவ்வகையில் சற்றுத் தாங்கும் திறன் உடையவை. தைவானில் 1971ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆசியக் காய்கறி ஆராய்ச்சி மையம் (பின்னாளில் உலகக் காய்கறி மையம்) வெப்பம் தாங்கும் தக்காளிகளை நீண்டகாலமாக ஆய்ந்து வருகிறது. வெப்பத்தில் காய்க்கும் திறன் பெரும்பாலும் சிறிய பழங்களோடு சேர்ந்தே வருவது இத்தகைய ஆய்வுகளில் காணப்பட்டது. தொடக்கநிலையாளருக்குப் பெரிய தக்காளியைவிடச் செர்ரித் தக்காளி ஏற்றது என்று கூறுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

கவனிக்க வேண்டிய மற்றொன்று, வெப்பத்தின் தாக்கம் உடனே தெரிவதில்லை என்பதாகும். மகரந்தம் பூமொட்டினுள் உருவாகும் நிலையே வெப்பத்துக்கு மிகவும் நலிவானது. அந்நிலை, பூ விரிவதற்கு ஏறத்தாழ 8 முதல் 13 நாட்களுக்கு முன் அமைகிறது. ஆகவே இன்று உதிரும் பூ, கடந்த வாரத்து வெயிலின் கணக்கைக் காட்டுகிறது. இன்று மழை பெய்து குளிர்ந்துவிட்டதே, ஏன் இன்னும் பூ உதிர்கிறது என்று கலங்கத் தேவையில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கோடையில் பகல் வெப்பம் 38 பாகையைத் தாண்டுவது இயல்பு. இரவு வெப்பம் 21 பாகையை ஒட்டி இறங்குவது மார்கழி, தை மாதங்களில்தான். எனவே திட்டமிடலைப் பூக்கும் காலத்தில் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிடுதல் வேண்டும். விதைத்து 25 நாட்களில் நாற்று நடவுக்கு ஆயத்தமாகும். நட்ட 30 முதல் 40 நாட்களில் பூக்கும். பூத்து 35 முதல் 45 நாட்களில் பழுக்கும். ஐப்பசி முதல் வாரத்தில், அதாவது அக்டோபர் இறுதியில் விதைத்தால், கார்த்திகையில் நட்டு, மார்கழி நடுவிலிருந்து பூக்கள் காணலாம். மாசியில் பழம் கிடைக்கத் தொடங்கும். பங்குனி வெயில் முற்றும் வரை பறிக்கலாம்.

இக்கணக்கில் ஓர் இடர் உண்டு. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். மாவட்டம் தன் ஆண்டு மழையில் மிகப்பெரிய பங்கைப் பெறுவது இம்மாதங்களில்தான். நாற்றங்கால் திறந்தவெளியில் இருந்தால் ஒரே மழையில் அழுகிவிடும். புயலும் இப்பருவத்திலேயே வருகிறது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இம்மாவட்டத்தில் தென்னை, பலா மரங்களையே வேரோடு சாய்த்தது. மாடிச் சாடிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வயலில் பயிரிடும் உழவருக்கு இல்லாத ஒரு வசதி வீட்டு வளர்ப்பாளருக்கு உண்டு. சாடியைத் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்துவிடலாம். மழை நாட்களில் நாற்றுகளையும் இளஞ்செடிகளையும் கூரைக்கடியில் வைத்துக் காப்பவருக்கு, மழை ஓயும்போது பூக்க ஆயத்தமான செடி கையில் இருக்கும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியைக் கருதி ஆடியில் விதைப்பவரும் உளர். அவ்வாறு விதைத்த செடி புரட்டாசி வெப்பத்தில் பூக்கும். பிடித்த சில காய்களும் ஐப்பசி மழையில் வெடிக்கும். முற்றிலும் வீண் எனக் கூற இயலாது. எனினும் முதல்முறை வளர்ப்பவருக்கு அது ஊக்கம் தராது. முதல் ஆண்டில் ஒரே ஒரு பருவத்தைச் சரியாகப் பிடிப்பது போதுமானது.

வகைகள்

தக்காளிச் செடிகள் வளரும் முறையால் இருவகைப்படும். குறிப்பிட்ட உயரத்தில் நுனி பூங்கொத்தாக முடிந்து வளர்ச்சி நிற்பவை ஒருவகை. நுனி நிற்காமல் கொடிபோல நீண்டுகொண்டே செல்பவை மற்றொரு வகை. செர்ரித் தக்காளிகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. 2 மீட்டருக்கு மேலும் உயரும். விதை உறையில் இது குறிக்கப்பட்டிருக்கும். இதைப் படிக்காமல் வாங்குவோர், சாடியில் வைத்த செடி சுவரேறிச் செல்வதைக் கண்டு திகைப்பதுண்டு.

தில்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட பூசா செர்ரித் தக்காளி 1 நீண்டு வளரும் வகையாகும். இது பாதுகாக்கப்பட்ட குடில்களில் வளர்ப்பதற்கென உருவாக்கப்பட்டது. சப்பானின் டோக்கிட்டா விதை நிறுவனம் 1992இல் அறிமுகப்படுத்திய சன்கோல்டு, மஞ்சள் கலந்த செம்மை நிறப் பழங்களைத் தரும் புகழ்பெற்ற கலப்பினம். இதன் தோல் மெல்லியது, எளிதில் வெடிக்கும். மிகக் குறுகிய வகைகளும் உள்ளன. புளோரிடா பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட மைக்ரோ டாம் ஒரு சாண் உயரத்துக்கு மேல் வளர்வதில்லை. அழகுச் செடியாக உருவாக்கப்பட்ட இது பின்னர் ஆய்வகங்களில் மரபியல் சோதனைச் செடியாகப் பெயர் பெற்றது. பழச்சுவைக்காக இதனை வளர்ப்போர் குறைவு.

தமிழ்நாட்டில் பெருவழக்கான பி.கே.எம். 1 பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த சமையல் தக்காளியாகும். இது செர்ரி வகை அன்று. விதைக்கடையில் நாட்டுத் தக்காளி எனக் கேட்டால் இத்தகையதே கிடைக்கும்.

விதைத்தலும் நாற்றும்

புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி போன்ற ஊர்களின் விதைக்கடைகளில் செர்ரித் தக்காளி விதை எப்போதும் இருப்பதில்லை. அஞ்சல் வழியாகப் பெறவேண்டி வரலாம். கடையில் விற்கும் செர்ரித் தக்காளிப் பழத்திலிருந்து விதை எடுத்தும் விதைக்கலாம். அது கலப்பினமாக இருந்தால் அடுத்த தலைமுறைச் செடிகள் தாயை ஒத்திரா; ஆயினும் உண்ணத்தக்க சிறு பழங்களே கிடைக்கும். விலையுயர்ந்த விதையில் தொடங்குவதைவிடப் பழகுவதற்கு இது நல்ல வழியாகும்.

குழித்தட்டிலோ, அடியில் துளையிட்ட தேநீர்க் குவளைகளிலோ, நன்கு அலசிய தென்னை நார்க்கழிவையும் மண்புழு உரத்தையும் சம அளவில் நிரப்பி, அரை செ.மீ. ஆழத்தில் விதையிட வேண்டும். விதை ஆழமாகப் போனால் முளைக்காது. 5 முதல் 8 நாட்களில் முளைக்கும். முளைத்த பின் காலை வெயில் கட்டாயம் வேண்டும். நிழலில் விட்டால் நாற்று வெளிறி, நூல்போல் நீண்டு சாயும்.

இப்பருவத்தில் நாற்றுகளை அழிப்பது நாற்றழுகல் நோய். முளைத்த ஒரு வாரத்தில் தண்டு தரையோடு நீர் கோத்து மெலிந்து செடி மடியும். ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைவதே காரணம். மேற்பரப்பு காய்ந்த பின்பே மீண்டும் நீர் தெளிக்க வேண்டும். விதைக்கும் முன் விதையுடன் சிட்டிகை அளவு டிரைக்கோடெர்மா விரிடி அல்லது சூடோமோனாசு கலந்துகொள்வது நல்ல பலன் தரும்.

மாவட்டத்தில் பயிர் குறித்த ஐயங்களுக்கு வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். அவ்வூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறு வகை ஆராய்ச்சி மையமும் அமைந்துள்ளது. குடுமியான்மலையிலும் இப்பல்கலைக்கழகத்தின் வேளாண்மைக் கல்லூரி உண்டு. இயற்கை வேளாண்மையில் ஆர்வமுடையோர் கீரனூரை அடுத்த ஓடுகம்பட்டியில் உள்ள கொழுஞ்சிப் பண்ணையைப் பற்றி அறிந்திருப்பர்.

மண்ணும் சாடியும்

மாவட்டத்தின் பெரும்பகுதி செம்மண்ணும் சரளை மண்ணும் ஆகும். கந்தர்வகோட்டை, ஆலங்குடிப் பகுதிகளில் நிலக்கடலை நன்கு விளையும் இம்மண், வயலில் நல்ல வடிகால் உடையது. அதே மண்ணைத் தனியே சாடியில் நிரப்பினால் நான்கைந்து முறை நீர் ஊற்றியதும் செங்கல்போல் இறுகிவிடும். நீர் சாடியின் ஓரமாக இறங்கி வெளியேறும். நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். மேலே ஈரம் தெரிவதால் வளர்ப்பவர் இதை உணர்வதில்லை. எனவே செம்மண், மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து பயன்படுத்துதல் வேண்டும். நார்க்கழிவில் உப்பும் துவர்ப்பும் உண்டு. இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்பே கலக்க வேண்டும். ஒரு பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து, கலவையை ஈரப்படுத்திப் பத்து நாட்கள் விட்டுவைத்தல் நலம். ஆட்டுப்புழுக்கை எளிதில் கிடைக்கும் ஊர்களில் அதனையும் பயன்படுத்தலாம். ஆனால் அது மக்கியிருக்க வேண்டும்.

சாடி அல்லது வளர்ப்புப் பை குறைந்தது 15 லிட்டர் கொள்ளளவு உடையதாக இருக்க வேண்டும். நீண்டு வளரும் வகைக்கு 20 லிட்டர் நல்லது. ஒரு பையில் ஒரு செடி மட்டுமே நட வேண்டும். இடம் இருக்கிறதே என்று இரண்டு நடுவது புதியவர்கள் அனைவரும் செய்வது. இரண்டும் சேர்ந்து ஒரு செடியின் விளைச்சலைக்கூடத் தருவதில்லை. நீர் குடித்த பை ஒன்று 20 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளது என்பதால், மாடியில் பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவர் தாங்கும் ஓரங்களில் வரிசையாக வைக்க வேண்டும். நேரடியாகத் தளத்தில் வைக்காமல் செங்கல் மீது வைத்தால் நீர் வடியும். தளத்தின் சூடும் வேருக்கு ஏறாது. தமிழ்நாடு அரசு மாடித்தோட்டத்துக்கான பைகள், விதைகள் அடங்கிய தொகுப்புகளை மானிய விலையில் வழங்கிய திட்டம் 2013-14இல் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தொடங்கியது. பிற மாவட்டத்தார் தற்போதைய நிலவரத்தைத் தோட்டக்கலைத் துறையின் வட்டார அலுவலகத்தில் கேட்டறியலாம்.

நாற்றில் நான்கு அல்லது ஐந்து இலைகள் வந்ததும், மாலை வேளையில், முதல் இலை வரை தண்டு மண்ணில் புதையுமாறு நட வேண்டும். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும் தன்மை தக்காளிக்கு உண்டு. கத்தரி, மிளகாய்க்கு இவ்வாறு செய்யக் கூடாது.

நீரும் உரமும்

இளஞ்செடிக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் நீர் போதும். காய்க்கும் செடிக்கு மாசி மாத வெயிலில் 2 லிட்டர் வரை தேவைப்படலாம். அளவைவிட ஒழுங்கே முதன்மையானது. இரண்டு நாள் வாடவிட்டு மூன்றாம் நாள் நிறைய ஊற்றினால் பழங்கள் வெடிக்கும். காயின் அடிப்பகுதி கறுத்து அழுகவும் கூடும். இந்த அடியழுகல், காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சென்று சேராமையால் வருவது. மண்ணில் அச்சத்து இருந்தாலும், நீர் ஒழுங்காகப் பாயாவிடில் காயை எட்டாது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் உடனே தீரும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்காகும். நிலக்கடலை உழவர் கடலைக்கு மண் அணைக்கும்போது இடும் ஜிப்சம் இம்மாவட்டத்து உரக்கடைகளில் கிடைக்கும். அதில் ஒரு மேசைக்கரண்டி ஒரு பைக்குப் போதுமானது. செர்ரி வகைகளில் இக்கோளாறு குறைவாகவே காணப்படுகிறது.

அறந்தாங்கிக்குக் கிழக்கே மணமேல்குடி, மீமிசல் கடற்கரைப் பகுதிகளில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. இலேசான உவர்நீர் தக்காளியைக் கொன்றுவிடாது. பழம் சிறுத்து இனிப்பு கூடும். இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பாக்கினோ என்னும் கடலோர ஊரின் செர்ரித் தக்காளி, உவர்ப்பு கலந்த நீர் பாயும் நிலத்தில் விளைவதாலேயே சுவைக்குப் பெயர் பெற்றது. வேறுபாடு என்னவெனில், சாடியில் உப்பு வெளியேற வழியின்றித் தங்கிவிடும். மண்ணின் மேல் வெள்ளைப் படிவு தோன்றினால், சேமித்த மழைநீரையோ குடிநீரையோ அடியில் வடியும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும்.

நட்ட மூன்று வாரம் கழித்து, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரமோ, ஊறவைத்து நீர்த்த கடலைப் புண்ணாக்குக் கரைசலோ தரலாம். லிட்டருக்கு 30 மி.லி. பஞ்சகவ்வியம் கலந்து தெளிப்போரும் உண்டு. பூக்கத் தொடங்கிய பின் தழைச்சத்தைக் குறைத்து, சாம்பல் சத்து மிகுந்த உரங்களை நாட வேண்டும். அடுப்புச் சாம்பலைச் சிறிதளவு தூவலாம்; மிகுந்தால் மண் காரத்தன்மை அடையும். மண்ணின் மேல் வைக்கோல் அல்லது சருகு மூடாக்கு இடுவது நீர்த்தேவையைக் கணிசமாகக் குறைக்கும்.

தாங்கலும் மகரந்தச் சேர்க்கையும்

செடி ஒரு முழம் உயர்ந்ததும் சவுக்குக் குச்சி நட்டு, சணல் கயிற்றால் தளர்வாகக் கட்ட வேண்டும். இலைக்கும் தண்டுக்கும் இடையே தோன்றும் பக்கத்தளிர்களில், முதல் பூங்கொத்துக்குக் கீழே உள்ளவற்றைக் கிள்ளிவிட்டால் போதும். எல்லாவற்றையும் கிள்ளி ஒற்றைத் தண்டாக்குவது குளிர்நாட்டு முறை. இங்கு இலைகளே காய்க்கு நிழல் தருகின்றன. மொட்டையாக்கப்பட்ட செடியின் காய்களில் வெயிலால் வெண்தழும்பு விழும். கிள்ளிய தளிரை ஈரமண்ணில் நட்டால் வேர்விட்டுப் புதுச் செடியாகும்.

தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வது. ஆனால் மகரந்தம் குழல் போன்ற மகரந்தப்பைகளின் உட்புறம் அடைபட்டிருக்கும். அதிர்வு இருந்தால்தான் உதிரும். தேனீக்கள் இவ்வதிர்வைத் தருவதில்லை. மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டும், வயிற்றில் நீலக்கோடுகள் உடைய சிறு தனித்தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரித்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. இவை வராத உயர்ந்த மாடிகளில், முற்பகலில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் போதுமானது. மழைமூட்டம் உள்ள நாளில் மகரந்தம் ஒட்டிக்கொள்வதால் இதனால் பயனில்லை.

பூச்சிகளும் நோய்களும்

மழை ஓய்ந்து தை பிறந்ததும் வெள்ளை ஈக்கள் பெருகும். இவை சாற்றை உறிஞ்சுவதால் வரும் கேட்டைவிட, பரப்பும் இலைச்சுருட்டை நச்சுயிரி நோயே கொடியது. இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, மஞ்சளாகி, செடி குட்டையாகும். இந்நோய்க்கு மருந்து இல்லை. நோயுற்ற செடியைப் பிடுங்கி அழிப்பதற்கு மனம் வராமல் காப்பாற்ற முயல்வோர் எஞ்சிய செடிகளையும் இழப்பர். மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுவதும், லிட்டர் நீருக்கு 3 முதல் 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் இலையின் அடிப்புறம் படுமாறு தெளிப்பதும் ஈக்களைக் கட்டுப்படுத்தும். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

காய்ப்புழு காயில் துளையிட்டுத் தலையை உள்ளே நுழைத்துத் தின்னும். சில செடிகளே உள்ள வீட்டில் கையால் பொறுக்குவதே சிறந்த மருந்து. தென் அமெரிக்க ஊசிப்புழு 2014இல் மகாராட்டிரத்தில் முதலில் கண்டறியப்பட்டுத் தமிழ்நாட்டுக்கும் பரவியது. இலையில் அகன்ற, ஒளி ஊடுருவும் திட்டுகளும், காயில் குண்டூசித் துளைகளும் அதன் அடையாளம். வேர்முடிச்சு நூற்புழுவால் செடி பகலில் வாடி இரவில் தேறும். பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சுகள் இருக்கும். அம்மண்ணை மறுபடி தக்காளிக்குப் பயன்படுத்தலாகாது.

ஊர்ப்புறங்களில் பூச்சிகளைவிடப் பெரிய இழப்பைத் தருபவை அணிலும் மயிலும். விராலிமலைச் சுற்றுவட்டாரத்தில் மயில்கள் மிகுதி. சிவந்த பழம் அவற்றின் கண்ணுக்குத் தப்புவதில்லை. மயில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புக்கு உட்பட்டதால் அதற்குத் தீங்கு செய்வது குற்றமாகும். வலை கட்டுவதும், பழம் நிறம் மாறத் தொடங்கும்போதே பறித்துவிடுவதும் மட்டுமே வழிகள்.

தக்காளியின் இலையிலும் தண்டிலும் டொமேட்டின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. கழித்த செடிகளை ஆடுமாடுகளுக்குப் போடுவதைத் தவிர்க்க வேண்டும்.

அறுவடையும் பயனும்

நிறம் மாறத் தொடங்கிய காயை வீட்டினுள் வைத்தால் மூன்று நான்கு நாட்களில் பழுக்கும். கொடியிலேயே முழுதும் பழுத்ததே இனிப்பு மிக்கது. 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சிவப்பு நிறமி சரிவர உருவாவதில்லை. ஆதலால் பங்குனிக்குப் பின் பழுப்பவை செம்மஞ்சளாகவே நின்றுவிடும். இது நோய் அன்று. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மணம் குன்றும்.

100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 94 கிராம் நீர். ஆற்றல் 18 கலோரி அளவே. சமையலில் இதன் இடம் தனி. ரசத்துக்கும் குழம்புக்கும் புளிப்பே வேண்டுவது. அங்கு செர்ரித் தக்காளி சமையல் தக்காளிக்கு ஈடாகாது. பச்சையாக உண்ணவும், தயிர்ப்பச்சடியில் இடவும், முழுதாக வதக்கித் தொக்கு செய்யவும் ஏற்றது. குழந்தைகள் செடியிலிருந்து பறித்து அப்படியே தின்பர்.

வீட்டுச் சாடியில் ஒரு பருவத்தில் செடிக்கு 1 முதல் 2 கிலோகிராம் கிடைத்தால் அதனை நல்ல விளைச்சல் எனலாம். 2023ஆம் ஆண்டு சூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் நியாயவிலைக் கடைகள் வழியாக அரசு தக்காளி விற்க நேர்ந்தபோது, வீட்டிலேயே தக்காளி வளர்த்தால் இச்செலவு மிச்சம் என்ற எண்ணம் பலருக்கும் எழுந்தது. இக்கணக்கு புதுக்கோட்டையில் பொருந்தாது. விலை ஏறுவது பெரும்பாலும் ஆனி, ஆடி மாதங்களிலும், 2021இல் நேர்ந்ததுபோல் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஆகும்; அப்போது இங்குள்ள மாடிச் செடியும் காய்ப்பதில்லை. மாடியில் பழம் குவியும் மாசியில் சந்தையிலும் தக்காளி மலிவாகவே கிடைக்கும். உழவர் சாலையோரம் கொட்டும் ஆண்டுகளும் உண்டு. உள்ளூர்ச் சந்தையில் எளிதில் கிடைக்காத ஒரு பழத்தை, மருந்து தெளிக்காமல், கனிந்த நிலையில் பெறுவதே இவ்வளர்ப்பின் பயன்.

விதை சேமித்தல்

கலப்பினமல்லாத வகையாயின், நோயற்ற செடியின் இரண்டாம் அல்லது மூன்றாம் கொத்திலிருந்து நன்கு கனிந்த பழங்களைத் தேர்ந்து, கூழைக் கண்ணாடிக் குவளையில் பிழிந்து இரண்டு நாட்கள் புளிக்கவிட வேண்டும். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு கரைந்து நல்ல விதைகள் அடியில் தங்கும். அலசி, நிழலில் உலர்த்தி, தாளில் மடித்து வைத்தால் மூன்று நான்கு ஆண்டுகள் முளைப்புத்திறன் இருக்கும். காகிதத்தில் பரப்பி உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும், தட்டு நல்லது.

சித்திரையில் செடி காய்ப்பது நின்றதும், சிலர் நிழல்வலையின் கீழ் வைத்து அடுத்த மழை வரை காக்க முனைவர். அதற்குள் மாவுப்பூச்சியும் சிலந்திப்பேனும் அதனைப் பற்றிக்கொள்வதால் பிடுங்கிவிடுவதே சிக்கனமானது. அப்பையில் தக்காளி, கத்தரி, மிளகாய், மணத்தக்காளி ஆகிய ஒரே குடும்பச் செடிகளை உடனே வைக்காமல், கோடை வெயிலைத் தாங்கும் கொத்தவரையோ தண்டுக்கீரையோ விதைக்கலாம். ஐப்பசிக்கு முன் கலவையைக் கொட்டி வெயிலில் பரப்பி, புதிய தொழுவுரம் சேர்த்து மீண்டும் நிரப்ப வேண்டும்.